விரதம் இருக்காத பாம்பு

27 செப்ரெம்பர் 2025, சனி

இன்று முதல் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதப் போகிறேன். நடக்காததைச் சேர்க்க மாட்டேன். நடந்ததை எனக்கு வசதியாகக் குறைக்கவும் மாட்டேன். நான் வாசித்த இரண்டு புத்தகங்களும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன: பாம்பு தனக்கு என்ன குறை என்று சொல்லாது, வளர்ப்பவர்தான் கவனித்து எழுதிவைக்க வேண்டும். தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கட்டுரைக்கு முதற்பரிசு வாங்கிய கையெழுத்துக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

பன்றிமூக்குப் பாம்பு. ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு இன்றுதான் கிடைத்தது. அப்பாவும் நானும் நகருக்கு வெளியே சென் தெனிக்குப் போனோம். பாம்பு வளர்க்கும் ரோமன் அங்கே ஐந்தாம் மாடியில் இருக்கிறார். பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறாராம். அதைக் கேட்டதும் எனக்கு அவரை முழுதாக நம்பலாம் என்று தோன்றியது. (இது சரியான காரணமா? தெரியவில்லை. ஆனால் உண்மை.)

இரண்டு குட்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்று என் உள்ளங்கையில் ஏறிச் சுருண்டு படுத்தது. மற்றது என் விரலைக் கண்டதும் கழுத்தைத் தட்டையாக்கி, உடம்பை ஊதி, சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோலச் சீறியது. பிறகு மூடிய வாயாலேயே விரலில் ஒரு இடி.

"அது கடிக்காது, நடிக்கும்," என்றார் ரோமன்.

புத்தகப்படி பார்த்தால் அமைதியானதைத்தான் எடுத்திருக்க வேண்டும். நான் சீறியதை எடுத்தேன். ஒரு பென்சில் நீளம்கூட இல்லை. ஆனால் எங்கள் மூன்று பேரையும் விரட்டப் பார்த்தது. மூக்கு நுனி சின்ன மண்வெட்டிபோல மேலே வளைந்திருக்கிறது. நிறம், பிரெஞ்சில் நுவாசெத் என்கிற கொட்டையை வறுத்த நிறம். அதனால் பெயரும் நுவாசெத்.

திரும்பி வரும்போது RER ரயிலில் பெட்டியை என் மேலங்கிக்குள் வைத்திருந்தேன். கூட்டம். அப்பா கம்பியைப் பிடித்தபடி குனிந்து குனிந்து கேட்டார்: "அசையுதோ? மூச்சு விடுதோ?" கார் து நோர் நிலையத்தில் இறங்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. அந்த ரயில் பெட்டி முழுவதிலும் மிகப் பெரிய செய்தி என் நெஞ்சோடு இருந்தது.

28 செப்ரெம்பர், ஞாயிறு

அம்மா காலையில் கதவடியில் நின்றே கேட்டார்: "விசம் இருக்கோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்பாவும் கண்ணால் அதைத்தான் சொன்னார்.

"ஓம் அம்மா, கொஞ்சம் இருக்கு. தவளைக்குப் போதும், எங்களுக்குக் காணாது. கனநேரம் கவ்விக்கொண்டு நிண்டால் கை வீங்கும்."

அம்மா பெட்டியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டி திரும்பிப் போகப் போகிறது என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: "பொய் சொல்லேல்லை. சரி, இருக்கட்டும். ஆனால் பொழுதுபட்டாப் பிறகு அதின்ரை பேரைச் சொல்லக்கூடாது. பூச்சி எண்டு சொல்லு."

"அதின்ரை பேர் நுவாசெத் அம்மா."

"அது பள்ளிக்கூடத்துப் பேர். வீட்டுப் பேர் பூச்சி."

4 ஒக்ரோபர், சனி

சாப்பிடவில்லை. உணவு என்றால் மயிர் முளைக்காத எலிக்குஞ்சு. உறைந்தது, ரோமன் ஐஸ்கிரீம் டப்பாவில் தந்தது. வெந்நீரில் இளக்கி, துடைத்து, சாமணத்தால் பிடித்து நீட்டினேன். நாக்கை இரண்டு முறை நீட்டிவிட்டு மரச்சீவலுக்குள் தோண்டிக்கொண்டு போய்விட்டது. புது இடம். புத்தகத்திலும் இப்படி நடக்கும் என்று இருக்கிறது. கவலை இல்லை.

11 ஒக்ரோபர், சனி

சாப்பிடவில்லை. கொஞ்சம் கவலை.

அப்பா: "மற்றதை எடுத்திருக்கலாம் குஞ்சு. அது சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருக்கும்."

மற்றது எனக்கு வேண்டாம்.

18 ஒக்ரோபர், சனி

விடுமுறை தொடங்கிவிட்டது. மேல்மாடி மேரிறோஸ் அன்ரி கேக்குக்கு ஈஸ்ற் நிறுக்கும் சின்னத் தராசைத் தந்தார். அதில் நுவாசெத்தை ஒரு தயிர்க் கோப்பைக்குள் வைத்து நிறுத்தேன். ரோமன் தந்தபோது இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. எவ்வளவு சின்ன உடம்பு! அதிலிருந்து இன்னும் என்னத்தைக் குறைப்பது?

நீட்டிய எலியை மூக்கால் தள்ளிவிட்டது. தள்ளும்போதுகூட அழகாகத்தான் தள்ளியது.

20 ஒக்ரோபர், திங்கள்

தீபாவளி. அம்மாவுக்கு ரூ காய் என்ற தெருவில் சேலைக்கடையில் வேலை. இன்று விடியப் போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். நுவாசெத் சாப்பிடாததால் எனக்கும் ஒன்றும் இறங்கவில்லை. — இல்லை, இது உண்மையல்ல. ஐந்து முறுக்கும் இரண்டு வடையும் சாப்பிட்டேன்.

22 ஒக்ரோபர், புதன்

கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. அம்மா ஆறு நாளும் இரவில் பாலும் பழமும் மட்டும். வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது. குளிரூட்டிப் பெட்டி, சட்டி பானை, கத்தி எல்லாம் நேற்றே கழுவியாயிற்று. கடைசியாக உறைபெட்டியின் அடியிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கையால் தொடாமல் காட்டினார்.

"இதை ஒருக்கா வெளியிலை எடு பிள்ளை."

மேரிறோஸ் அன்ரி தேவாலயத்துக்குப் போகிறவர். அவருக்கு இந்த விரதம் இல்லை. டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வனிலாவோ?" என்று கேட்டார். திறந்து பார்த்தார். மூடினார். "சரி, கோழிக்குப் பக்கத்திலை வைக்கிறன். ஆனால் பேரை எழுதி ஒட்டு, இல்லாட்டி எங்கட வீட்டிலை ஆரும் கரண்டியோடை வருவினம்."

அப்பா இரவு சாப்பிடும்போது சொன்னார்: "இந்த வீட்டிலை இப்ப ரெண்டு பேர் கந்தசஷ்டி பிடிக்கினம். அம்மாவும் பூச்சியும்."

அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

24 ஒக்ரோபர், வெள்ளி

அந்தச் சிரிப்பால் வந்த வினை. அம்மா அதைக் கடையில் பகிடியாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கு அடிக்கடி வரும் ஜெகதீஸ்வரி அன்ரி அங்கே சேலையில் ஊசி குத்திப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பின்னேரம் அம்மா வீட்டுக்கு வரும்போது, மரக்கறிக்கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "அக்கா, உங்கட வீட்டிலை ஒரு பாம்பு முருகனுக்கு விரதம் இருக்குதாமே?"

"நீங்கள் இல்லையெண்டு சொன்னீங்களோ?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தெரியாது எண்டு சொன்னன். தெரியாதுதானே?"

அம்மா அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் ஒளிர்ந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையில் மற்றவர்களுக்குச் சேலை விரித்துக் காட்டுகிறவர். யாரும் அவரை நிறுத்தி எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

25 ஒக்ரோபர், சனி

ஜெகதீஸ்வரி அன்ரி இன்னும் இரண்டு பேரோடு வந்தார். மல்லிகைப்பூ, வாழைப்பழம். என் அறை மிகச் சின்னது. கட்டில், மேசை, நுவாசெத்தின் பெட்டி. மூன்று பேர் நின்றால் கதவு சாத்த முடியாது.

"முருகன்ரை மயிலின்ரை காலடியிலை இருக்கிறவர். இந்த நாளிலை விரதம் இருக்காமல் என்ன செய்வார்?" என்றார்.

நுவாசெத் சீறியது. "பார், பார், மந்திரம் சொல்லுது," என்றார் கூட வந்தவர்.

நான் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். அவ்வளவு சந்தோசமாக. தான் பச்சைத்தண்ணியும் குடிக்காமல்.

பிறகு ரோமனுக்கு அழைத்தேன். எடையைச் சொன்னேன். ஆட்கள் வந்து பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன். ஏன் வருகிறார்கள் என்று கேட்டார். விளக்கினேன். 

"அதன் மதம் எனக்குத் தெரியாது," என்றார். "ஆனால் இந்த எடையில் இனிமேல் காத்திருக்க முடியாது. ஒருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் வரக்கூடாது. எலியின் மேல் பச்சை மீனைத் தேய்த்து, இருட்டில் வைத்துப் பார். சிலதுக்கு மீன் வாசம் பிடிக்கும். அதற்கும் சாப்பிடாவிட்டால் செவ்வாய் காலை என்னிடம் கொண்டுவா. குழாயால் ஊட்ட வேண்டிவரும். பிழைத்தால் இங்கேயே இருக்கட்டும். நீ வேறு குட்டி எடுத்துக்கொள்ளலாம்."

வேறு குட்டி!

மீன். செவ்வாய்க்கு முன்னால். திங்கள் சூரன்போர், செவ்வாய் விடியத்தான் விரதம் முடிக்கும் பாரணை. அதுவரை இந்த வீட்டுப் படிக்குள் மீன் வராது.

26 ஒக்ரோபர், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

இன்று ஐந்து பேர். கோயிலிலிருந்து நேராக வந்தவர்கள். ஒருவர் கற்பூரத் தட்டோடு. நான் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் யாரோ மூடியைத் திறந்து உள்ளே திருநீறு தூவிவிட்டார். நுவாசெத்தின் மூக்கெல்லாம் வெள்ளை. மண்வெட்டி மூக்கு. அதால்தானே அது எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கிறது! தலையை இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து —

சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் முன்னால்.

"அன்ரி, அது விரதம் இல்லை. அதுக்குப் பயம். நீங்கள் எல்லாரும் வந்து நிக்கிறதாலை இன்னும் பயம். பயத்திலைதான் சாப்பிடேல்லை. திருநீறு மூச்சுக்குள்ளை போனால் செத்துப்போகும். தயவுசெய்து எல்லாரும் போங்கோ."

ஒருவரும் அசையவில்லை. ஜெகதீஸ்வரி அன்ரி மற்றவர்களைப் பார்த்தார். "கேட்டியளோ, இஞ்சை பிறந்ததுகளின்ரை கதையை? சாமி வீடு தேடி வந்திருக்கு, பயமாம்."

"தாட்சா, உள்ளுக்குப் போ," என்றார் அம்மா.

"நான் உள்ளுக்குத்தான் நிக்கிறன் அம்மா. இது என்ரை அறை."

அம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. முயன்றேன், வரவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். ஈரப் பஞ்சால் நுவாசெத்தின் மூக்கைத் துடைத்தேன். சீறவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. சீறாமல் என் கையில் கிடந்தது.

அதே நாள், பிறகு

அம்மா வந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது, ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டார்: "சத்தியமா அது பயந்துதான் இருக்கோ?"

"கிட்ட வந்து பாருங்கோ."

அம்மா குனிந்தார். கைவளையல் பெட்டியில் பட்டுச் சத்தம் வந்ததும் நுவாசெத் தலையை இழுத்துக்கொண்டது. அம்மா நிமிர்ந்தார். வளையல்களைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். ஒரு மாதமாகக் கதவடியில் நின்று பார்த்தவர், இன்றுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்க்கிறார்.

"தோல் மடிஞ்சு போச்சு," என்றார்.

"ஓம்."

"முள்ளந்தண்டு தெரியுது."

"ஓம் அம்மா."

ரோமன் சொன்னதைச் சொன்னேன். மீனைப் பற்றியும் செவ்வாயைப் பற்றியும் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். கனநேரம் தன் வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்ப முடியுமெண்டு தெரியும்," என்றார் கடைசியில். "செவ்வாய்க்கிழமை விடியப் பாரணை. அதை நினைச்சுக்கொண்டுதான் பசியைத் தாங்குறன். அதுக்கு அப்பிடி ஒரு நாள் இருக்கோ?"

 அது என்னிடம் கேட்ட கேள்விபோல இருக்கவில்லை.

27 ஒக்ரோபர், திங்கள்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும். மறந்துவிடக்கூடாது.

அம்மா கடையில் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தார், சூரன்போருக்குப் போக. பின்னேரம் பச்சைப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, வாசலில் செருப்புப் போடப் போனவர் திரும்பி என் அறைக்குள் வந்தார்.

"பெட்டியை எடு. இல்லை, விடு, நான் எடுக்கிறன். நீ குலுக்கிப்போடுவாய்."

நான் குலுக்க மாட்டேன். ஆனாலும் விட்டுவிட்டேன். அம்மா நுவாசெத்தின் பெட்டியைப் பட்டுச் சேலைத் தலைப்பால் மூடி, இரண்டு கையாலும் பிடித்து, மரப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். கோயிலுக்குப் பால்குடம் கொண்டுபோகும்போதுகூட அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

மேரிறோஸ் அன்ரி கதவைத் திறந்தார். சூரை மீன் வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அம்மாவின் சேலையைப் பார்த்தார். உடனே இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, நீங்கள் விரதம். என்ரை கையெல்லாம் மச்சம். அங்கையே நில்லுங்கோ, பிள்ளை வாங்கட்டும்."

அம்மா பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பட்டுச் சேலையோடு. அந்தப் படியில்.

உள்ளே ஜன்னல் இல்லாத குளியலறை. இளக்கிய எலிக்குஞ்சை வெட்டிய சூரைத் துண்டில் நன்றாகத் தேய்த்தேன். மூக்கு, முதுகு எல்லாம். நுவாசெத்தைத் தயிர்க் கோப்பைக்குள் விட்டு, பக்கத்தில் எலியை வைத்து, காற்றுத்துளை போட்ட மூடியால் மூடினேன். வெளிச்சத்தை நிறுத்திவிட்டுக் கதவுக்கு வெளியே வந்து நின்றேன்.

"செபம் சொல்லட்டோ?" என்று மேரிறோஸ் அன்ரி கிசுகிசுத்தார்.

"சொல்லுங்கோ, ஆனால் மெதுவா."

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அடுப்பில் ஏதோ கொதித்து இறங்கிவிட்டது. படியில் யாரோ ஏறிப்போகும் சத்தமும் அம்மா "பொன்சூர்" என்று வணக்கம் சொல்வதும் கேட்டது. சாப்பிடாவிட்டால் நாளைக்குச் சென் தெனி. வரும்போது என் மேலங்கிக்குள் ஒன்றும் இருக்காது. வேறு குட்டி எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

கதவைக் கொஞ்சம் திறந்து, மூடியைக் கொஞ்சம் தூக்கினேன்.

இரண்டு சின்னப் பின்னங்கால்கள் மட்டும் வாய்க்கு வெளியே தெரிந்தன. அந்தக் குட்டி வாய் இவ்வளவு விரியுமா! கண்ணை மூடாமல் (பாம்புக்கு இமை இல்லை, எனக்கே தெரியும், ஆனாலும்) நேராக என்னைப் பார்த்தபடி விழுங்கியது. பிறகு தலையை மேலே தூக்கி ஒரு கொட்டாவி.

படிக்கு ஓடினேன்.

"முழுசாவோ?" என்றார் அம்மா.

"முழுசா! வாலும்!"

அம்மா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "நான் இண்டைக்கு இன்னும் தண்ணியும் வாயிலை வைக்கேல்லை. உன்ரை ஆள் என்னை முந்திட்டார்."

சூரன்போருக்குப் பிந்தித்தான் போனார். சூரனின் தலை விழும்போது தெருமுனையில்தான் நின்றாராம். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று நான் மிகவும் பெருமைப்படுகிறேன். முதலில் நுவாசெத்தை நினைத்து. பிறகு என்னை நினைத்தும், கொஞ்சம். அம்மாவை நினைத்து எவ்வளவு என்று எழுத எனக்குச் சரியான சொல் தெரியவில்லை. தமிழ்ப் பள்ளி முதற்பரிசுக்காரிக்கும் தெரியவில்லை.

28 ஒக்ரோபர், செவ்வாய்

பாரணை. அம்மா சாப்பிட்டார். ரோமனுக்குப் படம் அனுப்பினேன், நாங்கள் வருவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதி. அப்பா: "அப்ப வீட்டிலை ஒராள்தான் விரதம் இருந்தது. மற்றவர் கள்ள விரதம்."

3 நவம்பர், திங்கள்

பள்ளி தொடங்கியது. நுவாசெத் மறுபடி சீறுகிறது. காலையில் என் பேனாவைப் பார்த்தே சீறியது. சந்தோசம்.

8 நவம்பர், சனி

எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டது! அம்மா சூரை கழுவிக்கொண்டு நின்றவர் குசினியிலிருந்து கூப்பிட்டார்: "பூச்சிக்கு ஒரு துண்டு எடுத்து வைச்சிருக்கிறன், வந்து கொண்டுபோ." நான் கேட்கவே இல்லை.

சாப்பாட்டு நாள் சனி என்று நிச்சயமாகிவிட்டது. வெள்ளி கூடாது என்பதில் மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நுவாசெத்துக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

19 நவம்பர், புதன்

தோல் கழற்றிவிட்டது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு, எங்கும் கிழியவில்லை. நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம் என்று இரண்டு புத்தகங்களும் சொல்கின்றன. மூக்கின் சின்ன வளைவுகூட அதில் அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கடையில் விற்கும் எந்தச் சேலையிலும் இவ்வளவு மெல்லிய நெசவு இல்லை என்றார்.

29 நவம்பர், சனி

மீன் வாசம் இல்லாமலே சாப்பிட்டது. இது முதல் தடவை. வெறும் எலி, சாமணத்திலிருந்து நேரே. மூன்று கணத்தில் பாய்ந்து பிடித்தது. எடை ரோமன் தந்ததைவிடக் கூடிவிட்டது.

பின்னேரம் ஜெகதீஸ்வரி அன்ரி ஏதோ சேலையின் அடிக்கரைக்கு ஃபோல்ஸ் தைக்கக் கொண்டுவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வருகிறார். கொஞ்ச நேரம் வேறு கதை. பிறகு என் அறைப் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "விரதம் இருந்தவர் எப்பிடி இருக்கிறார்?"

நான் அறைக்குள் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். பேனாவை நிறுத்திவிட்டேன். இப்போது அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

"அது விரதமெல்லாம் இருக்கேல்லை அக்கா," என்றார் அம்மா. "நானும் பகிடிக்குச் சொல்லப்போய் பிறகு நம்பிட்டன். சின்னப் பிள்ளை, புது வீடு, பயந்துபோச்சு. பிள்ளைதான் சரியாக் கண்டுபிடிச்சவள்."

"ஒருக்காப் பாக்கலாமோ?"

"இண்டைக்கு ஏலாது. சாப்பிட்ட நாள். இண்டைக்கும் நாளைக்கும் ஒருத்தரும் பாக்கேலாது. திங்கள் வாங்கோ. வளையல் போடாமல் வாங்கோ."

ஜெகதீஸ்வரி அன்ரி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். கதவடியில் "அப்ப திங்கள்" என்பது மட்டும் கேட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். நுவாசெத் வெப்பமான மூலையில் மரச்சீவலுக்குள் கிடக்கிறது. மூக்கு மட்டும் வெளியே. நடுவயிற்றில் எலி இருந்த இடம் சின்ன முடிச்சுப்போல.

"செமிக்கட்டும்," என்றார். "இவ்வளவு வெளிச்சத்திலை அது எப்பிடிப் படுக்கிறது? மிச்சத்தை நாளைக்கு எழுது."

எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அம்மா விளக்குகளை அணைக்கிறார்.